என் மகனும் 42 ஓரெழுத்துச் சொற்களும்

காது டெஸ்ட்டுக்கு முந்தின இரவு குழந்தையை அதிகம் தூங்கவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரா என்று அந்தப் பரிசோதனைக்குப் பெயர். நெற்றியிலும் இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று ஒலி கொடுத்து, அந்த ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். குழந்தை எதையும் சொல்ல வேண்டியதில்லை, அசையாமல் தூங்கினால் போதும். எங்கள் மகனுக்கு, தம்பி என்றுதான் கூப்பிடுவோம், அப்போது இரண்டே கால் வயது. விடிகாலை மூன்றரை மணிக்கே எழுப்பி, மொட்டை மாடியில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆட்டோவில் ஏறிய ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டான். இறங்கும்போது விழித்தவன் மறுபடி கண்ணை மூடவே இல்லை. தூக்க மருந்தைக் கொடுத்தார்கள், வாந்தி எடுத்தான். அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள்.

அடுத்த வாரம் தூங்கினான். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று சொன்னார்கள். என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். காது கேட்கவில்லை என்றிருந்தால் அதற்கு ஒரு கருவி இருக்கிறது, ஒரு வழி இருக்கிறது. கேட்கிறது, அப்புறம் ஏன் பேசவில்லை? அந்தக் கேள்விக்கு இன்று வரை யாரும் பதில் சொல்லவில்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. தம்பி 2019 நவம்பரில் பிறந்தான். நிறைமாதம், நல்ல எடை, பிறந்ததும் அழுதான். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது எல்லாம் அந்தந்த மாதத்தில் நடந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. ஒரு வயதை ஒட்டி முதல் சொல், இரண்டு வயதில் "பால் வேணும்" என்பதுபோல் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவது என்பதுதான் பொதுவான கணக்கு. தம்பியிடம் இரண்டு வயதில் "ம்" என்ற முனகலும் "ஆ" என்ற கத்தலும் மட்டுமே இருந்தன. அது கொரோனா காலம். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை, வெளி முகம் பார்க்கவில்லை, அதனால்தான் என்றார்கள். நாங்களும் நம்பினோம். எதிர்வீட்டில் அதே ஊரடங்கில் பிறந்த பெண் குழந்தை மாடியில் நின்று காக்காயைத் திட்டிக்கொண்டிருந்ததை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அத்தை வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினார். பிறகு தேன். "ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரருக்கே அஞ்சு வயசு வரைக்கும் பேச்சு வரலை. திருச்செந்தூர்ல கொண்டுபோய்ப் போட்டாங்க, முருகன் பேச வச்சான். வரும்மா, வரும்" என்பார். அந்தக் கதையை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சன்னிதியில் கிடத்திய பிள்ளை எழுந்து கந்தர் கலிவெண்பா பாடியது என்ற இடத்தில் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்பார்கள். அந்த ஐந்து வருடத்தில் குமரகுருபரரின் அம்மா ஒவ்வொரு ராத்திரியும் என்ன நினைத்திருப்பார் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. திருச்செந்தூருக்கும் போனோம், மூன்று முறை. நாக்கு ஒட்டியிருக்கிறது, அடியில் வெட்டிவிட வேண்டும் என்று ஒரு உறவினர் விடாமல் சொன்னார். மருத்துவர் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை, அப்படியே இருந்தாலும் சில எழுத்துதான் தடுமாறும், அதனால் ஒரு குழந்தை பேசாமலே போகாது என்றார்.

அடுத்து ஆட்டிசமா என்ற பயம். குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவரிடம் 2022 ஏப்ரலில் காட்டினோம். அவர் பேச்சைப் பற்றிக் கேட்டது குறைவு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் காட்டுகிறானா, பறக்கிற விமானத்தைப் பார்த்தால் நம்மையும் பார்க்கச் சொல்லி முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா, பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறானா என்றெல்லாம் கேட்டார். தம்பி எல்லாம் செய்வான். ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து அவனோடு விளையாடிவிட்டு, ஆட்டிசம் போலத் தெரியவில்லை, சொல்வதெல்லாம் புரிகிறது, வெளியே வருவதில்தான் சிக்கல், உடனே பேச்சுப் பயிற்சி தொடங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் தொடங்கவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைக்கிறேன். காரணம் தெரியாமல் எதற்குப் பயிற்சி, முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம் என்று கிளம்பினோம். எம்ஆர்ஐ எடுத்தோம், அதற்கும் மயக்க மருந்து. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி எடுத்தோம். தைராய்டு பார்த்தோம். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஒவ்வொரு அறிக்கையும் இயல்பு, இயல்பு என்றே வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிய காகிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் அலைந்த எட்டு மாதமும் தம்பி ஒரு நாள்கூடப் பயிற்சி பெறவில்லை. பரிசோதனைகள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். காதுப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது, மற்றவை மருத்துவர் சொன்னால் செய்யத்தான் வேண்டும். ஆனால் அது ஒரு பக்கம் நடக்கட்டும், பயிற்சி இன்னொரு பக்கம் நடக்கட்டும். காரணம் தெரிந்திருந்தாலும் அவனுக்குக் கொடுத்திருக்கக்கூடிய பயிற்சி ஏறக்குறைய இதேதான் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு மனசு ஆறவே இல்லை.

நடுவில் இன்னொரு தவறும் நடந்தது. விசாரிக்கப் போன ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில், வீட்டில் எத்தனை மொழி என்று கேட்டார்கள். தமிழ், கொஞ்சம் ஆங்கிலம் என்றோம். இரண்டு மொழி குழப்பும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், நாளைக்குப் பள்ளிக்கும் அதுதானே என்றார்கள். நான் தமிழ் கற்பிக்கிறவள். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன், பயம் அப்படி. நான்கு மாதம் அந்த வீடு எப்படி இருந்தது தெரியுமா? அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் பேரனிடம் பேசுவதையே விட்டுவிட்டார். சோறு ஊட்டும்போது ஒன்றும் சொல்லாமல் ஊட்டுவார். நானும் யோசித்து யோசித்து ஒரு வாக்கியம் பேசுவேன். பேச்சு வராத பிள்ளையைச் சுற்றி இருந்த பேச்சையும் நாங்களே அணைத்துவிட்டோம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்க முடியும். வீட்டார் மனசாரப் பேசுகிற மொழிதான் அந்தக் குழந்தைக்கு வேண்டும். இதை எனக்கு யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

2022 டிசம்பரில் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு சீட்டு கிடைத்தது. அங்கன்வாடிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழு ஆறு மாதம் முன்பு எழுதிக் கொடுத்த பரிந்துரைச் சீட்டு. வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக் குழந்தைகளைப் பார்க்க அந்தக் குழு வரும். தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் என்று 2013-இல் தொடங்கியது அது. குறை தெரிந்தால் அரசு மருத்துவமனையில் இருக்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை மருத்துவர், காது கேட்டலுக்கும் பேச்சுக்குமான பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் என எல்லோரும் ஒரே இடத்தில், கட்டணம் இல்லாமல். அரசு இடம் எப்படி இருக்குமோ என்று அந்தச் சீட்டை மடித்து வைத்திருந்தோம். 2023 ஜனவரியில் போனோம்.

அங்கே இருந்த தெரபி மேடம் முதல் நாள் தம்பியைப் பேசச் சொல்லவே இல்லை. என்னைத்தான் கவனித்தார். "நீங்க நிறைய கேள்வி கேக்கறீங்க. இது என்ன, அது என்ன, சொல்லு, சொல்லு. அவனுக்கு அது தினமும் பரீட்சை மாதிரி" என்றார். அவர் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். குனிந்து அவன் கண் மட்டத்துக்கு வந்து பேசுங்கள். அவன் பார்க்கிறதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். சொன்னபிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அந்தப் பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு இரண்டு விநாடியில் அடுத்த பிள்ளையைக் காட்டுகிற கை என்னுடையது.

தம்பியின் வாயை அவர் பல வாரம் கவனித்தார். "ப" சொல்ல முயலும்போது உதடு எங்கே போவது என்று தேடுகிறது, ஒருமுறை வந்த ஒலி மறுமுறை வருவதில்லை என்றார். மூளை நினைப்பதை வாய்த் தசைக்குக் கட்டளையாக மாற்றுவதில் சிக்கல் இருக்கலாம், ஏப்ராக்ஸியா என்பார்கள், ஆனால் இவ்வளவு குறைவாகப் பேசும் பிள்ளையிடம் அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அறிக்கையில் "காரணம் அறியப்படவில்லை" என்றே எழுதினார். பிறகு, ஒரு மெய்யும் ஒரு உயிரும் சேர்ந்த சின்னச் சொற்களாக, வீட்டில் தினமும் உண்மையாகவே பயன்படுகிற சொற்களாக ஒரு பட்டியல் போட்டு வாருங்கள் என்றார்.

அன்று இரவு எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. ஓரெழுத்து ஒருமொழி 42 என்று பவணந்தி முனிவர் கணக்குச் சொல்கிறார். ஆ, ஈ, கை, தா, தீ, பூ, பை, போ, மை, வா… வருடா வருடம் ஒரு மதிப்பெண் கேள்விக்காக நடத்துகிற பாடம். ஒரு தாளில் 42-ஐயும் எழுதினேன். பாதி இன்று வழக்கில் இல்லை. ஆனால் வா, போ, தா, நீ, பூ, கை, பை, ஈ, தீ எல்லாம் இருக்கின்றனவே. நம் மொழியில் ஒரே அசையில் ஒரு பிள்ளையால் கூப்பிட முடியும், விரட்ட முடியும், கேட்க முடியும். தெரபி மேடம் தாளைப் பார்த்துவிட்டு, "இது போதும் மேடம், ஒரு வருஷத்துக்கு" என்றார்.

முதல் சொல் "போ". வீட்டில் மர ஊஞ்சல் உண்டு. அதில் தம்பியை உட்காரவைத்து, பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு… ரெண்டு… மூணு…" என்று சொல்லி நிற்பேன். பத்து எண்ணுவேன். பிறகு நானே "போ" என்று விடுவேன். தினமும் முப்பது நாற்பது தடவை, நான்கு மாதம். 2023 மே மாதம் ஒரு மாலை, பிடித்து நிற்கும்போது அவன் உதடு குவிந்தது. ஒலி வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன், கை நடுங்கியது. "ஓ" என்றான். மறுபடி. "போ." அடுக்களையில் இருந்த அத்தை கரண்டியோடு ஓடிவந்தார்.

படங்களும் அப்போதே தொடங்கின. அவனுடைய தட்டு, தண்ணீர்ச் செம்பு, செருப்பு, ஊஞ்சல், ஆச்சி, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து லேமினேட் செய்து ஒரு சின்ன புத்தகத்தில் ஒட்டினோம். அத்தைக்குப் பிடிக்கவில்லை. "படத்தையே காட்டிட்டு இருந்தா வாயத் திறக்கவே மாட்டானே" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நடந்தது வேறு. படமும் சைகையும் பேச்சை அடைப்பதில்லை, பல குழந்தைகளுக்குப் பேச்சு வர உதவவே செய்யும் என்று மேடம் சொன்னதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். தரையில் விழுந்து தலையை மோதிக்கொள்வது நின்றது. இத்தனை நாளும் அது பிடிவாதம் என்று நினைத்திருந்தோம். இப்போது சென்னையில் உருவான ஆவாஸ் செயலியைத் தமிழில் போட்டு டேப்லெட்டில் வைத்திருக்கிறோம். படத்தைத் தொட்டால் அது பேசும்.

பள்ளிச் சேர்க்கை பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பள்ளிகள் பேசாத பிள்ளை வேண்டாம் என்றன. மூன்றாவது பள்ளி படப் புத்தகத்தோடு சேர்த்துக்கொண்டது. ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்கலாமா என்றும் அலைந்தோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்றுதான். ஆனால் உறுப்போ நரம்போ காரணமாக ஏற்பட்ட நிரந்தரக் குறை என்று அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறது. காரணமே தெரியாத பிள்ளையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இந்த இடைவெளியில் விழுகிற பிள்ளைகளை யாராவது சட்டம் எழுதும் இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தம்பி ஆறு வயதை நெருங்குகிறான். அறுபது சொல்லுக்குக் கொஞ்சம் மேல் வைத்திருக்கிறான். வெளியாருக்குப் பாதிதான் புரியும். அந்த 42 சொல் தாள் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அவன் சொன்ன சொல்லுக்கு எதிரே நான் டிக் போடுவேன்.

போன வாரம் முறுக்கு டப்பா காலியாக இருந்தது. "யாரு சாப்பிட்டா?" என்றேன். பத்து எண்ணவில்லை, நான்குகூட ஆகியிருக்காது. நெஞ்சில் கையை வைத்து, "நா" என்றான். ஓரெழுத்துச் சொல்லாக அதற்கு நாக்கு என்று பொருள். தாளில் அதற்கு எதிரே டிக் போட்டுவிட்டு, பக்கத்தில் சின்னதாக "நான்" என்றும் எழுதி வைத்தேன்.