சாரணர் படையில் என் மகன்: முதல் இரண்டு ஆண்டுகள்

2023 ஜூன் மாதம், என் மகன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில், சாரணர் படையில் சேர விருப்பமா என்று கேட்டுப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. காரைக்குடியை அடுத்த எங்கள் ஊரில் சாரணர் சீருடை அணிந்த பிள்ளைகளைச் சுதந்திர தின அணிவகுப்பிலும் தேர்த்திருவிழாக் கூட்டத்திலும் பார்த்திருக்கிறோமே தவிர, சேர்ந்த பிள்ளை என்ன செய்யும், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. இப்போது படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் பெற்றோருக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான பள்ளிகளில் இயங்குவது, 1950 நவம்பர் 7 அன்று தொடங்கப்பட்ட பாரத சாரண சாரணியர் இயக்கம். சிறு வகுப்புப் பையன்கள் குருளையர், பெண் குழந்தைகள் நீலப்பறவையர். பத்து வயதுக்கு மேல் சாரணர், சாரணியர். ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்டது ஓர் அணி, அணிகள் சேர்ந்தது படை. அணித் தலைவனும் ஒரு மாணவனே என்பதைப் பெற்றோர் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஏனென்றால் உங்கள் பிள்ளை முதல் சில மாதங்களில் கற்பவற்றில் பாதியைச் சாரண ஆசிரியரிடம் அல்ல, எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் ஓர் அண்ணனிடம்தான் கற்கும்.

படிவத்தை நிரப்புவதில் நான் செய்த தவற்றை மற்றவர்கள் செய்ய வேண்டாம். வீட்டில் எழுதும் வழக்கப்படி அவன் பெயருக்கு முன் ஒரே முன்னெழுத்தைப் போட்டேன். பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் இரண்டு முன்னெழுத்துகள் இருந்தன. அந்த வேறுபாடு முதல் சான்றிதழ் வரை போய்விட்டது, அதைத் திருத்தி வாங்க இரண்டு மாதங்கள் ஆயின. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும், பிள்ளையை முறைப்படி சாரணராகச் சேர்த்துக்கொண்டு சின்னம் சூட்டிய தேதியிலிருந்துதான் அடுத்த தகுதிப் படிக்கான மாதக்கணக்கு தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியை எங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சீருடை வாங்க அவசரப்பட வேண்டாம். சாம்பல் நிறச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் சின்னம் சூட்டும் விழாவுக்குத்தான் தேவை. அதுவரை பிள்ளை பள்ளிச் சீருடையிலேயே வாரந்தோறும் நடக்கும் கூட்டத்துக்குப் போகலாம். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபின் நிறம் குழுவுக்குக் குழு மாறும் என்பதால், அதைப் பள்ளியில் கேட்டுக்கொண்டு வாங்குவதே சரி. சட்டையைச் சற்றுப் பெரிதாகத் தைத்து, ஓரத்தில் துணி விட்டு வைத்தால் இரண்டு ஆண்டுகளுக்குத் தாங்கும்.

முதல் படியின் பெயர் பிரவேஷ். அதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. உறுதிமொழி, ஒன்பது பகுதிகள் கொண்ட சாரணர் சட்டம், மூன்று விரல் வணக்கம், இடது கைக்குலுக்கல், இறைவணக்கப் பாடல், கொடிப் பாடல் ஆகியவற்றை மனப்பாடம் செய்வது எங்கள் பிள்ளைக்குக் கடினமாக இல்லை. கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுவது, பிறருக்கு உதவுவது, சாரணர் சட்டத்துக்குக் கீழ்ப்படிவது என்னும் மூன்றையும்தான் அந்த மூன்று விரல்கள் குறிக்கின்றன என்று அவன் எனக்கு விளக்கினான். கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாக விரும்புபவர்கள் தர்மம் என்று சொல்லலாம் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கடினமாக இருந்தது நற்செயல் குறிப்பேடு. நாள்தோறும் வீட்டில் ஒரு நற்செயல் செய்து, அதை அன்றே எழுத வேண்டும். முதல் பத்து நாட்களும் "அம்மாவுக்கு உதவினேன்" என்ற ஒரே வரியை அவன் எழுதிக் கொடுக்க, ஆசிரியர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "என்ன உதவி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். நான் பதறிப்போய், காலையில் எழுந்ததும் இன்றைய நற்செயல் என்ன என்று அவனுக்கு நினைவூட்டவும், செய்ய வேண்டியதை நானே சொல்லிக் கொடுக்கவும் தொடங்கினேன். பெற்றோர் கூட்டத்தில் அதை ஆசிரியரிடம் சொன்னபோது அவர் நிதானமாகச் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "நீங்க ஞாபகப்படுத்தாதீங்கம்மா. விட்டுப்போச்சுன்னா, விட்டுப்போச்சுன்னே எழுதட்டும்."

அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு வாரங்களில் நான்கு நாட்கள் "இன்று மறந்துவிட்டேன்" என்றே இருந்தன. அதற்குப் பிறகு, அப்பத்தாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது, முற்றத்தில் காயப்போட்ட வடகத்தை மழை தூறுவதற்குள் எடுத்து உள்ளே வைத்தது, பக்கத்து வீட்டு ஆச்சிக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்னது என்று குறிப்புகள் மாறின. வடகம் எடுத்தது யார் என்று நான் வீடு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தபோது அவன் வாய் திறக்கவில்லை. அந்த ஏட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிரதம சோபான் என்னும் அடுத்த படிக்குக் குறைந்தது ஆறு மாதங்கள். முடிச்சுகள், முதலுதவி, முக்கோணத் துணியால் கையைத் தூக்கிக் கட்டும் கட்டு, உடற்பயிற்சிகள் என்று இது முழுக்கக் கைவேலை. வீட்டில் ஒரு கயிற்றுத் துண்டு நிரந்தரமாகக் கிடக்கும் என்பதற்குத் தயாராகுங்கள். எங்கள் வளவின், அதாவது வீட்டு உள்முற்றத்தின், தூண்களில் அவன் முடிச்சுப் போட்டுப் பார்க்காத தூண் இல்லை. ஒரு தட்டில் 24 பொருட்களை வைத்து, ஒரு நிமிடம் மட்டும் பார்க்கவிட்டு, துணியால் மூடியபின் நினைவிலிருந்து எழுதும் கிம் விளையாட்டு எங்கள் வீட்டில் பொங்கல் விடுமுறைப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. திருமணச் சாமான்களைப் பட்டியல் போட்டு எண்ணி வைத்துப் பழகிய என் மாமியார், தாம்பாளத்தைப் பார்த்த ஒரு நிமிடத்தில் 21 பொருட்களைச் சொன்னார். பேரன் சொன்னவை 14. அன்று முதல் அவன் பயிற்சிக்கு உட்காருவது அப்பத்தாவின் எதிரில்தான்.

2024 ஆகஸ்டில் முதல் இரவு முகாம் நடந்தது. பெற்றோர் ஒப்புதல் கடிதமும் மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் கேட்டார்கள். பதிலுக்கு நாமும் சிலவற்றைக் கேட்க வேண்டும். அதில் கூச்சமே கூடாது. பிள்ளைகள் எங்கே உறங்குவார்கள், கழிப்பறை எங்கே, இரவில் எத்தனை ஆசிரியர்கள் உடன் இருப்பார்கள், அவசரத்துக்கு வாகனம் உண்டா, அருகில் ஊருணியோ கிணறோ இருந்தால் அங்கே யார் நிற்பார்கள் என்று நான் கேட்டேன். அனைத்துக்கும் பொறுமையாகப் பதில் கிடைத்தது. சாரணியராக இருக்கும் என் நாத்தனார் மகளின் முகாமுக்குச் சாரணிய ஆசிரியை இரவு முழுவதும் உடன் தங்குவார் என்பதை உறுதி செய்துகொண்டே அனுப்பினோம்.

தட்டு, தம்ளர், டார்ச், கயிறு, ஜமக்காளம், போர்வை என்று ஒரு பட்டியல் கொடுத்து, பையைப் பிள்ளையே கட்ட வேண்டும் என்று அடியில் கோடிட்டு எழுதியிருந்தார்கள். நான் அதை மதிக்கவில்லை. முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு அவன் உறங்கிய பிறகு, எல்லாவற்றையும் மடித்து, சீப்புச்சீடை டப்பாவும் சேர்த்து அழகாகக் கட்டிவைத்தேன். முகாமில் நள்ளிரவில் மழை பெய்து, படுக்கைகளை வராந்தாவுக்கு மாற்றச் சொன்னபோது, மற்ற பிள்ளைகள் இருட்டில் கையை விட்டே டார்ச்சை எடுத்திருக்கிறார்கள். தன் பையில் டார்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் இவன் ஒருவன்தான். "நீங்க கட்டுனதும்மா, எனக்கு எப்படித் தெரியும்?" என்று வந்து கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்கு வலித்தது.

அடுத்து, கொள்ளுக்குடிப்பட்டியில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு நடைப்பயணம் போனபோது அவன் பையை நான் தொடவில்லை. பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத அந்த ஊரில், தண்ணீர்ப் புட்டியைத் திறக்கும் சத்தம்கூடக் கேட்காதபடி நாற்பது நிமிடங்கள் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னான். சாரணர் சட்டத்தில் இயற்கையை நேசிப்பது பற்றிய வரியை நூறு முறை சொல்ல வைப்பதைவிட இது மேலானது என்று நான் நினைக்கிறேன்.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்த, பல ஊர்ச் சாரணர்கள் ஒன்றுகூடும் பெரிய முகாமான இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணிக்கு அவன் படையின் மூத்த மாணவர்கள் போனார்கள், இவனுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டு நாட்கள் முகம் வாடியிருந்தது. இத்தகைய ஏமாற்றங்கள் வரும். ஆசிரியரிடம் போய்ப் பரிந்து பேசாமல் இருப்பதே நம் வேலை. பலர் என்னிடம் கேட்பது ரயில்வே வேலையில் சாரணர் ஒதுக்கீடு உண்டாமே என்பதைத்தான். உண்டு, ஆனால் துவிதிய சோபான், திரிதிய சோபான், மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் ஆகிய படிகளைக் கடந்து, அதற்குத் தகுதி தரும் ராஷ்டிரபதி விருது வரை போக ஆண்டுகள் பலவாகும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அந்த ஒன்றுக்காகவே சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது துவிதிய சோபானுக்காகத் திசைகாட்டியும் திறந்தவெளிச் சமையலும் பழகிக்கொண்டிருக்கிறான். இந்த ஆண்டுப் புதுப்பித்தல் படிவத்தை அவனே நிரப்பினான். இரண்டு முன்னெழுத்துகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு மட்டும் என்னிடம் நீட்டினான். சரியாகவே இருந்தன. கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.