மீசைப் பெருமாளும் சித்தப்பாவின் அர்ச்சனையும்

என் சித்தப்பா நாற்பது ஆண்டுகளாக ஒரே கட்சி. எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பாதிப் பேர் இத்துடன் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். தேர்தல் வந்தால், வாக்குப்பதிவுக்கு முந்தைய சனிக்கிழமை திருவல்லிக்கேணிக்குப் போய்த் தம் கட்சி வேட்பாளர் பெயரில் பார்த்தசாரதிக்கு ஓர் அர்ச்சனை செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இந்த முறை முழங்கால் வலி அதிகம் என்பதால் துணைக்கு நான் போனேன்.

பஸ்ஸிலேயே வாதம் தொடங்கிவிட்டது. "பெருமாளை எதற்குக் கட்சிச் சண்டைக்குள் இழுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நானா இழுத்தேன்? பாரதப் போரில் கண்ணன் பாண்டவர் பக்கம் நிற்கவில்லையா? நடுநிலை என்று துவாரகையில் உட்கார்ந்திருந்தானா? தேரே ஓட்டினான்!"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு மதத்தின் பேரில் வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. இன்னாருக்கு வாக்களித்தால் தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதும் அதே பிரிவில் குற்றம்தான். "அது வாக்காளரிடம் பேசுவதற்கு. நான் பெருமாளிடம் அல்லவா பேசுகிறேன்? அவருக்கு வாக்காளர் அட்டை கிடையாது," என்றார் சித்தப்பா. நாற்பது ஆண்டு மேடை அனுபவம் சும்மா போகுமா?

கைரவிணிக் குளத்தைத் தாண்டி உள்ளே நுழைந்தோம். பிரசார ஆட்டோ ஒன்றின் ஒலிபெருக்கி தெருவிலிருந்து எங்களைத் துரத்திக்கொண்டே வந்து, மண்டபத் தூண்களுக்கு நடுவே வந்ததும் மங்கிப் போனது. சிறு வயது முதல் வந்து பழகிய கோயில்தான். ஆனால் இந்தக் கோயிலில் கொடிமரம் இரண்டு என்பது அன்றைக்குத்தான் மனத்தில் உறைத்தது. கிழக்கு நோக்கி நிற்கும் பார்த்தசாரதிக்கு ஒன்று, மேற்கு நோக்கி வீற்றிருக்கும் தெள்ளிய சிங்கரான யோக நரசிம்மருக்கு ஒன்று. ஒரே மதிலுக்குள் இரண்டு கொடி, எதிரெதிர்த் திசை. தெருவெல்லாம் கொடியாகப் பார்த்துவிட்டு வந்த கண், வேறு எதைப் பார்க்கும்?

வரிசை மெல்ல நகர்ந்தது. மூலவர் வேங்கடகிருஷ்ணனை முதன்முதலில் பார்க்கிறவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். ஒன்பது அடி உயரம், முகத்தில் பெரிய மீசை. கையில் சங்கு இருக்கிறது, சக்கரம் இல்லை. போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொன்ன வாக்கை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார் என்பார்கள். கூடவே ருக்மிணிப் பிராட்டி, அண்ணன் பலராமர், தம்பி முறையான சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அநிருத்தன் என்று குடும்பமே நிற்கிறது.

பலராமரைப் பார்த்ததும் எனக்குப் பஸ்ஸில் வராத பதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்தப் போரில் பலராமர் எந்தப் பக்கமும் சேரவில்லை. துரியோதனனும் சீடன், பீமனும் சீடன். யாருக்காக யாரை அடிப்பது என்று தீர்த்த யாத்திரைக்குக் கிளம்பிவிட்டார். சாத்யகியோ பாண்டவருக்காகக் களத்தில் இறங்கிப் போரிட்டவன். கண்ணனுடைய சொந்த நாராயண சேனை துரியோதனனுக்காகப் போரிட்டது. தூங்கிக்கொண்டிருந்த கண்ணனின் தலைமாட்டில் துரியோதனனும் கால்மாட்டில் அர்ஜுனனும் காத்திருந்த கதை எல்லோருக்கும் தெரியும். உதவி கேட்டு வந்த இருவரில் ஒருவரையும் அவன் வெறுங்கையோடு அனுப்பவில்லை. படை ஒரு பக்கம், ஆயுதம் ஏந்தாத நான் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தான். துரியோதனன் படை கிடைத்த மகிழ்ச்சியில் ஊர் திரும்பினான். நம் கட்சிக்காரர்கள் பெருமாளிடம் கேட்பது அந்தப் படையைத்தானே தவிர, வேறென்ன? அவன் தேரோட்டியாக வந்தால் போதும் என்று எந்த வேட்பாளராவது வேண்டிக்கொண்டிருப்பாரா?

கீழே உற்சவர் பார்த்தசாரதி. பக்கத்தில் போனால் அந்தத் திருமுகத்தில் வடுக்கள் தெரியும். பீஷ்மர் அம்பு துளைத்த தழும்புகள் என்பது ஐதீகம். தேர்த்தட்டில் அர்ஜுனனுக்கு முன்னால் உட்கார்ந்தவன் அவன். அர்ஜுனனை நோக்கி வந்த அம்பில் பாதி இவன் முகத்தில் பட்டிருக்கும். பக்கம் சேர்ந்ததற்கு அவனுக்குக் கிடைத்தது அதுதான். வென்ற பிறகு அரியணையில் ஏறியவர் தருமர். காந்தாரியின் சாபத்தை வாங்கிக்கொண்டவன் கண்ணன். திருமங்கையாழ்வார் இந்தத் தலத்தைப் பாடும்போது 'இந்திரன் சிறுவன் தேர்முன் நின்றானை' என்கிறார். அதே பாசுரத்தில், தோற்ற பக்கத்தில் தாலி இழந்த நூற்றுவரின் மனைவியரையும் விடாமல் சொல்லிவிடுகிறார். வெற்றிப் பாட்டில் அவர்களுக்கும் ஓர் இடம்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற இளைஞன் அர்ச்சனைத் தட்டை நீட்டி ஒரு பெயரைச் சொன்னான். எதிர்க்கட்சி வேட்பாளரின் பெயர்! சித்தப்பாவின் கழுத்து விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். பட்டர் சாதாரணமாக, "நட்சத்திரம்?" என்றார். இளைஞன் விழித்தான். கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தான், எடுக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"உத்திரட்டாதி," என்றார் சித்தப்பா.

இளைஞன் திரும்பிப் பார்த்தான். சித்தப்பா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேட்பாளரும் அவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே பள்ளி. பேச்சு நின்று இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. பட்டர் உத்திரட்டாதிக்குச் சங்கல்பம் செய்தார். அடுத்து எங்கள் தட்டையும் வாங்கி எங்கள் ஆளுக்கும் செய்தார். இரண்டு பேருக்கும் ஒரே குரல், ஒரே துளசி. எங்கள் ஆளுக்குக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார் என்று சித்தப்பா பிறகு குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிராகாரம் சுற்றி நரசிம்மர் சன்னதிக்கு வந்தோம். யோகத்தில் இருப்பவரைக் கலைக்கக் கூடாது என்பதால் அங்கே கதவில் உள்ள மணிகளுக்கு நாக்கு கிடையாது. வெளியே அத்தனை ஒலிபெருக்கி. இங்கே மணிகூட வாய் திறப்பதில்லை. சித்தப்பாவும் வாய் திறக்கவில்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டார், சடாரிக்குக் குனிந்தார். வாசல் வரை வந்தபின் நின்றுவிட்டார்.

"தப்பாகச் சொல்லிவிட்டேன்."

"எதை?"

"உத்திரட்டாதி அவன் அண்ணனுக்கு. இவனுக்கு ரேவதி. இவன் அம்மா ரேவதி அன்றைக்குத்தான் இவனை இங்கே அழைத்து வருவாள். என்னையும் கூட்டிக்கொண்டு வருவாள்."

"போகட்டும் சித்தப்பா. உங்கள் கட்சிக்கு நல்லதுதானே?" என்றேன், விளையாட்டாக.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கால மேடைக் கோபம் இருந்தது. சட்டைப் பையைத் தடவிச் சில்லறையை எண்ணினார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இன்னோர் அர்ச்சனை டிக்கெட் வாங்கத் திரும்பி நடந்தார்.