பழைய டி7200, ஒரு பருத்திக்கொட்டைப் பை

கேமரா வாங்கும் முன் எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எனக்கு வேண்டியது இரண்டு. விடியற்காலையில் திருப்பூர் பக்கத்து நஞ்சராயன் குளத்துப் பறவைகள், ராத்திரி கோயில் திடலில் நம் கொங்கு நாட்டு வள்ளி கும்மி ஆட்டம். ஒன்றுக்கு நீளமான லென்ஸ் வேண்டும், மற்றொன்றுக்கு குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்கிற லென்ஸ் வேண்டும். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, இரண்டுக்கும் ஈடுகொடுத்தால் போதும்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு, கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் நல்ல டிஎஸ்எல்ஆரை எல்லாம் பாதி விலைக்கும் கீழே கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அதுதான் முதல் காரணம். இன்னொன்று பேட்டரி. நான் எடுத்த நிக்கான் டி7200, நிறுவனக் கணக்குப்படி ஒரு சார்ஜில் 1,110 படம் எடுக்கும். குளக்கரையில் நாள் முழுக்கக் கண்ணை வைத்துக் காத்திருந்தாலும் பேட்டரியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

கேனான் 1500டி, நிக்கான் டி3500, பழைய டி7200 மூன்றையும் கையில் பிடித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் நல்ல எடை குறைவு, வீட்டு விசேஷத்துக்கு எடுக்கிறவர்களுக்கு அவையே தாராளம். ஆனால் ஃபோகஸ் புள்ளிகள் 1500டியில் 9, டி3500இல் 11. டி7200இல் 51. பறக்கிற பறவையைத் துரத்தும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டரும் அப்படித்தான். சின்ன பாடிகளில் காட்சியின் 95 சதவீதம்தான் தெரியும், டி7200இல் முழுசாகத் தெரியும்.

என் முடிவைத் தீர்த்தது வேறொன்று. டி7200க்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது, டி3500இல் இல்லை. லென்ஸ் மாட்டும் வாயான நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இலிருந்து வருவது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள் சல்லிசாகக் கிடைக்கின்றன. 50 மி.மீ. எஃப்/1.8டி அப்படி ஒன்று. டி3500இல் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், டி7200இல் தானாகவே ஓடும்.

பழசு வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். கடையில் நின்றே ஒரு படம் எடுத்து அந்த ஃபைலைப் போனில் ஏற்றுங்கள். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்பதை நிக்கான் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும். டி7200 ஷட்டரைச் சோதித்திருப்பது 1,50,000 முறைக்கு. அதில் கால்வாசிக்குள் ஓடியிருந்தால் தைரியமாக எடுக்கலாம். அடுத்து லென்ஸின் துவாரத்தை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம். படம் பதிகிற சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாக நிற்கும். தூசி துடைத்தால் போய்விடும், கீறல் போகாது. லென்ஸுக்கு டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துச் சாய்த்துப் பாருங்கள். நூலாம்படை மாதிரி மெல்லிய இழைகள் கிளைத்துத் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸ் எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும் வேண்டாம். நான் போன கடைக்காரர் கேட்கும் முன்பே, "டார்ச் இந்தாங்க, நல்லா அடிச்சுப் பாருங்க" என்றார். அப்படிச் சொல்கிறவரிடம் நம்பி வாங்கலாம்.

பாடியும், கை நடுக்கத்தைக் குறைக்கிற 70-300 விஆர் லென்ஸும் ஒன்றாகக் கிடைத்தன. இந்த சென்சாரில் 300 மி.மீ., 35 மி.மீ. ஃபிலிமில் 450 மி.மீ. காட்டும் அளவுக்கு நெருக்கிக் காட்டும்.

அப்புறம் துணைப் பொருட்கள். ட்ரைபாட்தான் எல்லோரும் முதலில் சொல்வது. ஆனால் நம் பக்கத்தில் வைகாசி பிறந்தாலே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிடும். ஆடியில் கேட்கவே வேண்டாம். பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் ஓடுகிற அதே காற்றில்தான் ட்ரைபாடும் நிற்க வேண்டும். 300 மி.மீ.யில் அந்த நடுக்கம் அப்படியே படத்தில் தெரியும். அதனால் ஒரு பை தைக்கக் கொடுத்தேன். பவானி ஜமக்காளத் துண்டு, ஒரு பக்கம் ஜிப், உள்ளே தீவனக் கடையில் வாங்கிய பருத்திக்கொட்டை. முக்கால் பங்கு மட்டும் நிரப்ப வேண்டும், அப்போதுதான் லென்ஸ் நடுவில் அமுங்கி உட்காரும். பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சு ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அரிசி மாதிரி வழுக்கி ஓடுவதில்லை, எடையும் குறைவு. குளத்துக் கரைச்சுவரில் இந்தப் பையைப் போட்டு லென்ஸைச் சாய்த்தால், நெடுங்கால் உள்ளானின் சிவந்த காலில் ஒட்டிய சேறு வரை துல்லியமாக விழுகிறது. கொக்கும் நாரையும் வெள்ளை வெளேரென்று வெளுத்துப்போகாமல் இருக்க, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, 0.7 ஸ்டாப் குறைத்துக்கொள்கிறேன்.

ட்ரைபாடையும் விட்டுவிடவில்லை. அதில் ஒரு தொல்லை இருந்தது. கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் அடித்தகடு மெதுவாகச் சுழன்று லென்ஸ் கீழே சாயும். ஒற்றைத் திருகு எவ்வளவு இறுக்கினாலும் தாங்காது. கோவை கணபதி பக்கம் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குப் பாடியையே எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் கேமராவின் அடியில் திருகு மாட்டும் துளையில் விரலை விட்டுப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இது எம்6 இல்லீங். கால் இஞ்சு, இஞ்சுக்கு இருபது த்ரெட்டு." அவர் சொன்னது சரியான அளவுதான். எம்6 போல்ட்டைத் திணித்தால் பாடியின் மரையே போய்விடும் என்றும் சொன்னார். பிறகு புதிதாக ஒரு தகடு செய்து கொடுத்தார்: 38 மி.மீ. அகல அலுமினியத் தகடு, இரு பக்கமும் 45 டிகிரி சரிவு, முன்விளிம்பில் கேமராவை அணைத்துப் பிடிக்க ஒரு சின்ன மேடு. அந்த மேடுதான் சூட்சுமம், இப்போது தகடு சுழல்வதே இல்லை. கடையில் விற்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

கும்மிக்கு 50 மி.மீ. போதும். சிக்கல் விளக்குகளில். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மட்டமான எல்ஈடியும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஷட்டரை 1/500 வைத்தால் பாதிப் படம் கருத்துப்போகும். இதைச் சமாளிக்கும் வசதி டி7200இல் இல்லை, இந்த வரிசையில் அடுத்து வந்த டி7500இல்தான் வந்தது. அதனால் ஷட்டர் 1/100 நொடி, துவாரம் எஃப்/2.2, சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓ 3200. வட்டமாகச் சுற்றி வருகிறவர்கள் கை தட்டி ஒரு கணம் நிற்கும்போது அழுத்தினால் முகங்கள் கூர்மையாக வருகின்றன, சேலை முந்தானை மட்டும் கொஞ்சம் அசைந்து தெரியும். அந்த அசைவு ஆட்டத்துக்கு அழகாகவே இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. லென்ஸ் ஹுட் கட்டாயம் வேண்டும், யூவி ஃபில்டர் எனக்குத் தேவைப்படவில்லை. 64 ஜிபி கார்டு இரண்டு, இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வைத்திருக்கிறேன். தூசிக்கு ரப்பர் புளோயர். காற்றுக் காலத்தில் குளக்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்கிறேன். வால்பாறை போய் வந்தால் கேமராவும் லென்ஸும் அன்றைக்கே டப்பாவுக்குள் போய்விடும்.

காலை ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் மேல் கானல் எழும்பிவிடுகிறது, அதற்கு எந்தத் துணைப் பொருளும் கிடையாது, கிளம்ப வேண்டியதுதான். மார்கழியில் நஞ்சராயனுக்கும் ஈரோடு பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கும் 200-500 எஃப்/5.6 லென்ஸை வாடகைக்கு எடுத்துப் பார்க்கப் போகிறேன். 2.3 கிலோ எடை, ட்ரைபாடில் மாட்ட லென்ஸுக்கே தனிக் கால் உண்டு. அந்தக் காலுக்கு நீளமான தகடு வேண்டும். லென்ஸ் கையில் வந்ததும் அளவெடுக்கக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் பட்டறை அண்ணன்.