ஐந்நூறு ரியல் பட்டியல்

அந்தப் பட்டியலை என்னிடம் ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்வியிலிருந்து இன்னும் நான் வெளியே வரவில்லை. கம்போடியாவில் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபோது வந்த என் பிறந்தநாள் அது. கேக் வெட்டியாயிற்று. க்ரீமை வழித்து என் கன்னத்திலும் நெற்றியிலும் பூசியாயிற்று. கம்போடியப் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் பிறந்தநாள் முடியாது. இரவல் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வகுப்புத் தலைவி, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை இரண்டு கைகளாலும் நீட்டினாள். அவர்கள் மொழியான கெமர் எழுத்தில் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள். பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே 500. சிலருக்கு 1000. ஒரே ஒரு பையனின் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை.

"இது எதுக்கு?" என்றேன்.

"நியக் க்ரூ பார்க்கணும் இல்லையா?" என்றாள். பெண் ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

என் பிறந்தநாளுக்கு அவர்கள் போட்ட காசின் கணக்கு அது. ஐந்நூறு ரியல் என்பது அப்போது, 2017இல், நம் கணக்கில் எட்டு ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் பட்டாம்பாங் பக்கத்துக் கிராமத்தில், அரைநாள் அரசுப் பள்ளி முடித்து மத்தியானம் எங்களிடம் இலவசமாக ஆங்கிலம் படிக்க வந்த பிள்ளைகள் அவர்கள். பலருக்கு வீட்டில் தீனிக்குக் கிடைக்கும் காசே அவ்வளவுதான். பிள்ளைகளிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று தன்னார்வலர்களுக்கு விதியும் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும், என்னோடு வகுப்பெடுத்த உள்ளூர் ஆசிரியையிடம் போனேன். என்னைவிட மூத்தவர், நான் அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவேன். அவர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "நாளைக்கு எல்லாருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கொடுத்தால் வீட்டில் போய் என்ன சொல்வார்கள்? நியக் க்ரூவுக்கு நம்ம காசு வேண்டாமாம் என்றுதான் சொல்வார்கள்."

நான் விடவில்லை. விதியைச் சொன்னேன். காசு போடாத பையனைப் பற்றியும் சொன்னேன். அப்போது அவர் சொன்னதுதான் திரும்பத் திரும்ப என் காதில் விழுகிறது. "எனக்குப் பிறந்த தேதி கிடையாது. பாம்பு வருஷம், நாற்று நடுகிற சமயம் என்று அம்மா சொல்வார். வேலையில் சேரும்போது நானே ஒரு தேதி எழுதிக் கொடுத்தேன். இந்தப் பிள்ளைகளுக்குத் தேதி இருக்கிறது. ஒருத்தருக்குக் கொண்டாடிப் பழகட்டும், விடு."

எங்கள் அப்பாவுக்கும் பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்ட ஜூன் மாதத் தேதிதான் என்று பதிலுக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். இரண்டும் ஒன்றில்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு நட்சத்திரம் தெரியும், ஊர் இருந்தது, பாட்டி கணக்கு வைத்திருந்தாள். அங்கே பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் வருஷங்கள் சுழன்று வரும்; அக்கா பிறந்த பாம்பு வருஷம் 1977. கெமர் ரூஜ் என்ற தீவிர கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி 1975 ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை. பள்ளிகளை மூடினார்கள், படித்தவர்களைக் கொன்றார்கள், காசையே ஒழித்தார்கள். ரியல் மறுபடி புழக்கத்துக்கு வந்தது 1980இல். காசே இல்லாத நாட்டில் பிறந்த ஒருவரிடம் போய் ஐந்நூறு ரியலைத் திருப்பித் தரலாமா என்று கேட்டிருக்கிறேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

காசை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அது சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன். அதுவரை கொடுக்கும் கை என்னுடையதாகவே இருந்தது. பென்சில், நோட்டு, ஸ்டிக்கர் எல்லாம் நான்தான் கொண்டுபோனேன். பிள்ளைகள் கைகூப்பி வாங்கிக்கொள்வார்கள். அந்த ஒரு நாள் அவர்கள் கூடிப் பேசி, வசூல் செய்து, சந்தையில் பேரம் பேசி கேக் வாங்கி, எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார்கள். அதை ஒரு விதியைக் காட்டி மறுப்பது, நீங்கள் வாங்கிக்கொள்ள மட்டும்தான் என்று அவர்களிடம் சொல்வதாகாதா?

அங்கே கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். வாசலில் மேசை போட்டு, உறையில் வரும் பணத்தைப் பெயரோடு எழுதிக்கொள்வார்கள். நம் மொய் நோட்டேதான். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டும், அதற்குத்தான் கணக்கு. வகுப்புத் தலைவி தந்த தாளை அப்படிப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. என்னையும் முறை செய்கிற ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ஆனால் அந்தத் தாளுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கலாம். கம்போடிய அரசுப் பள்ளிகள் பலவற்றில், குறைந்த சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் தினமும் ஐந்நூறு, ஆயிரம் ரியல் வாங்குவது நெடுங்காலப் பழக்கமாக இருந்தது. எந்தச் சட்டத்திலும் இல்லாத கட்டணம். தராத பிள்ளை யார் என்பது வகுப்புக்கே தெரியும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒரு பெண், யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று ஆசிரியையிடம் தாள் நீட்டும்போது, அவள் மனதில் இருந்தது கல்யாண வீட்டு மேசையா, அரசுப் பள்ளி வகுப்பறையா? "நியக் க்ரூ பார்க்கணும் இல்லையா" என்ற அவள் குரலில் பெருமை இருந்தது என்று ஒரு நாள் தோன்றுகிறது. இன்னொரு நாள், கடமையை முடித்த நிம்மதி மட்டும்தான் இருந்தது என்று தோன்றுகிறது. அக்காவிடம் இதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவரும் அரசுப் பள்ளியில் காலை நேரம் பாடம் எடுத்தவர். அவருடைய சம்பளம் எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகப் படவில்லை.

அந்தப் பையன் விழாவுக்கு வந்திருந்தான். கேக்கும் சாப்பிட்டான். எல்லாரோடும் சேர்ந்து என் முகத்தில் க்ரீம் பூசியவன்தான். அவன் மட்டும் காசு போடவில்லை என்று யாரும் அவனை ஒதுக்கியதாக நான் பார்க்கவில்லை. மறுநாளும் வகுப்புக்கு வந்தான், எப்போதும்போல ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். நான் அவனிடம் கூடுதலாக ஒரு வார்த்தை பேசினால் அதுவே மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று, அளவாகவே பேசினேன்.

ஏப்ரல் நடுவில் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் கெமர் புத்தாண்டுக்குப் பிறகு அவன் வரவில்லை. அந்தப் பகுதியில் அப்போது அது சாதாரணம். தாய்லாந்தில் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போனவர்கள் புத்தாண்டுக்கு ஊர் வந்து, திரும்பும்போது பிள்ளைகளையும் போய்பெட் எல்லை வழியாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவன் வீட்டிலும் அப்படித்தான் என்று அக்கா சொன்னார். அதற்கும் பட்டியலுக்கும் தொடர்பே இல்லை. அறிவுக்கு அது தெரிகிறது. இருந்தாலும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே கட்டம் காலியாகக் கிடந்த ஒவ்வொரு நாளும் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது.

கிளம்பும் முன் அடுத்த தன்னார்வலருக்குக் குறிப்பு எழுதி வைக்கச் சொன்னார்கள். எந்தப் பாடம் வரை நடந்திருக்கிறது, யாருக்குக் கண்ணாடி தேவைப்படும், மழைக்காலத்தில் எந்தப் பாதையில் சைக்கிள் போகாது என்றெல்லாம் எழுதினேன். பிறந்தநாள் பற்றியும் எழுதினேன்: "பிள்ளைகள் காசு சேர்த்துக் கொண்டாடுவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியல் கொடுத்தால் பார்க்காதீர்கள்." கடைசி வரியை அடித்தேன். இரண்டு கையாலும் நீட்டுகிற பிள்ளையிடம் பார்க்காமல் எப்படி இருப்பது? அப்புறம் விதியை நினைத்து மற்ற வரிகளையும் அடித்துவிட்டு, அக்காவிடம் கேட்டுக்கொள்ளவும் என்று எழுதிக் கொடுத்தேன்.