இணையப் போக்குவரத்தை மாதிரியமைத்தல்: திட்டப்பணி எடுப்போருக்கு

காரைக்குடியில் முதுநிலைப் படிப்பின் இறுதிப் பருவத்தில் இணையப் போக்குவரத்தின் புள்ளியியல் மாதிரிகளைத் திட்டப்பணியாக எடுத்துச் செய்தவன் என்ற முறையில், அதே தலைப்பை எடுக்க நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். மென்பொருளை ஓட்டி ஒரு மாதிரியைப் பொருத்திவிடுவது எளிது. அந்த மாதிரி கையிலுள்ள தரவுக்கு ஏற்றதுதான் என்று நிறுவுவதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. வாய்மொழித் தேர்விலும் கேள்விகள் அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில், காத்திருப்போர் வரிசையின் நீளத்தையும் தாமதத்தையும் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டைப் படியுங்கள். தொலைபேசி அழைப்புகளுக்குப் பாய்சான் பரவல் (ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக நிகழ்பவற்றின் எண்ணிக்கைக்கானது) பொருந்துவதை டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் 1909இல் காட்டியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. பாய்சான் வரத்தும் தற்செயலான சேவை நேரமும் ஒரே வெளியேறும் வழியும் கொண்ட எம்/எம்/1 வரிசையில் இணைப்பின் பயன்பாடு 50 விழுக்காடாக இருக்கும்போது சராசரியாக 1 பாக்கெட்டும் (தரவுத் துண்டு), 90 விழுக்காடாகும்போது 9 பாக்கெட்டுகளும் தங்கியிருக்கும் என்பதைத் தாளில் நீங்களே வருவித்துப் பாருங்கள். நெரிசல் நேரத்தில் தாமதம் ஏன் மளமளவென ஏறுகிறது என்பது அப்போது பிடிபடும்.

அடுத்து, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆய்வகமான பெல்கோர் 1989 ஆகஸ்டில் எடுத்து ஆய்வாளர்களுக்குப் பொதுவில் வழங்கிய ஈதர்நெட் (உள்ளக வலையமைப்பு) பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் பாக்கெட்டுகள் அடங்கிய அந்தக் கோப்பில் இரண்டே பத்திகள்தான்: பாக்கெட் வந்த நேரம், அதன் நீளம் பைட்டுகளில். நொடியில் நூறில் ஒரு பங்குக்கு எத்தனை பாக்கெட் என்று எண்ணி, பிறகு பத்துப் பத்தாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள். பாய்சான் வரத்தாக இருந்தால் பரவற்படி (சராசரியிலிருந்து எண்கள் சிதறும் அளவு) பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். நீண்டகாலச் சார்பை அளக்கும் ஹர்ஸ்ட் எண் 0.8 அளவில் இருந்தாலோ அது ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு மட்டுமே குறையும். நூறு நூறாகச் சேர்த்தாலும் 16 விழுக்காடு எஞ்சும். இரண்டு அச்சுகளையும் மடக்கை அளவில் வைத்து இந்தப் புள்ளிகளைக் கையால் ஒருமுறை வரைந்தவர்களுக்கு, லேலண்ட், டாக்கு, வில்லிங்கர், வில்சன் ஆகிய நால்வரின் 1994ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்லும் தன்னொத்த தன்மையை, அதாவது எந்தக் கால அளவில் பார்த்தாலும் ஏற்ற இறக்கம் ஒரே மாதிரி இருப்பதைத், தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஹர்ஸ்ட் நைல் நதியின் நீர்த்தேக்கக் கணக்கில் ஈடுபட்ட நீரியல் அறிஞர். அவருடைய கேள்வி செட்டிநாட்டவருக்குப் புதிதன்று. ஊருணியின் கொள்ளளவை ஆண்டுச் சராசரி மழையை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது; நல்ல மழை ஆண்டுகளும் வறட்சி ஆண்டுகளும் எத்தனை அடுத்தடுத்து வரும் என்பதையும் பார்க்க வேண்டும். பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடமான ரவுட்டரின் பஃபருக்கும் இதே கணக்குதான். சராசரி வரத்து ஒன்றே ஆனாலும், பாக்கெட்டுகள் நீண்ட நேரம் கூட்டமாக வரும் இணைப்பில் இழப்பும் தாமதமும் எம்/எம்/1 சொல்வதைவிடப் பன்மடங்கு கூடிவிடும்.

அதற்காகப் பாய்சானை முற்றாக ஒதுக்கிவிடவும் கூடாது. பயனர்கள் தொடங்கும் தொடர்புகளின் வரத்துக்கு, ஒரு மணி நேர அளவுக்குள், அது நன்றாகவே பொருந்துகிறது என்றும், பாக்கெட் வரத்துக்குப் பொருந்துவதில்லை என்றும் பாக்ஸனும் ஃப்ளாய்டும் 1995இல் காட்டினார்கள். இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்பவருக்குத் தேர்வாளரிடம் மதிப்பு தானாகக் கூடும்.

விடுதி வலையமைப்பின் தரவை எடுப்பவர்கள், நிர்வாகத்தின் எழுத்து அனுமதி பெற்று, ஐபி முகவரிகளை மறைத்த பிறகே தொட வேண்டும். இதில் சலுகையே கிடையாது. பகலில் குறைந்து இரவில் ஏறும் போக்கை நீக்காமல் முழு நாளுக்கும் ஹர்ஸ்ட் எண்ணைக் கணக்கிட்டால், அந்த ஏற்ற இறக்கமே நீண்டகாலச் சார்பு போலத் தோன்றி ஏமாற்றும். முன்கணிப்பைச் சோதிக்கும்போது தரவைக் கலைத்துப் பிரிக்காமல், முற்பகுதியில் மாதிரியைப் பொருத்திப் பிற்பகுதியில் சரிபாருங்கள். சராசரித் தாமதத்தோடு நின்றுவிடாமல், 99ஆம் நூற்றுமானத் தாமதத்தையும் (99 விழுக்காடு பாக்கெட்டுகள் தாண்டாத அளவு) அட்டவணையில் கொடுங்கள். காணொளி அழைப்பு திணறுவது அந்த எஞ்சிய 1 விழுக்காட்டில்தான்.