எச்சிலில் யாருடைய புரதம்?

மற்ற மீன்களில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் கடல் லாம்ப்ரே என்ற மீனுக்குத் தாடை கிடையாது. வட்டமான உறிஞ்சு வாய், அதற்குள் வரிசை வரிசையாகப் பற்கள், நடுவில் இரையின் தோலை ராவித் துளைக்கும் நாக்கு. ஆளைப் பயமுறுத்துவது இந்தப் பற்கள்தான். ஆனால் சில வருடங்களாக எனக்குச் சோறு போட்டது அதன் எச்சில். கண்களுக்குச் சற்றுக் கீழே, தசைக்குள் புதைந்தாற்போல, பக்கத்துக்கு ஒன்றாக மொச்சைக்கொட்டை வடிவில் இரண்டு சுரப்பிகள் இருக்கும். அவற்றின் குழாய்கள் நாக்கின் அடியில் திறக்கின்றன. அந்தத் திரவத்தில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் மிச்சிகனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த வேலை.

அந்த வட்டாரத்தில் லாம்ப்ரே என்றால் பகை. இது அட்லாண்டிக் கடலின் மீன். நயாகரா அருவி ஒரு காலத்தில் அதற்கு மேலே இருக்கும் வட அமெரிக்கப் பேரேரிகளுக்குக் காவலாக இருந்தது. அருவியைச் சுற்றிப்போக 1829-இல் வெல்லண்ட் கால்வாய் திறந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மேம்படுத்தவும் செய்தார்கள். 1921-இல் ஈரி ஏரியிலும் 1938-இல் சுப்பீரியர் ஏரியிலும் லாம்ப்ரே தென்பட்டது. அதற்கு முன் மேல் ஏரிகளில் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி பவுண்டு ஏரி டிரௌட் என்ற மீனைப் பிடித்துக்கொண்டிருந்தன. 1960-களின் தொடக்கத்தில் அது சுமார் 3 லட்சம் பவுண்டுக்கு வந்துவிட்டது. அளவுக்கு மீறிப் பிடித்ததற்கும் இதில் பங்கு உண்டு என்றாலும் பெரிய அடி லாம்ப்ரேயினுடையது. மிச்சிகனின் ஹேமண்ட் பே ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சோதித்து, லாம்ப்ரேயின் இளம்புழுக்களை மட்டும் குறிவைக்கும் டிஎஃப்எம் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். 1958-இல் சுப்பீரியருக்குப் பாயும் ஓடைகளில் அதை விட ஆரம்பித்தார்கள். இன்றுவரை அதுதான் முதல் ஆயுதம். ஆக, என்னைச் சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் இந்த மீனை ஒழிக்கச் சம்பளம் வாங்கியவர்கள். அதன் எச்சிலை ஐஸில் வைத்துப் பாதுகாத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன். கிண்டலுக்குக் குறைவில்லை.

முதல் தொல்லை சாம்பிள். வசந்த காலத்தில் ஆறுகளில் வைக்கும் பொறிகளில் லாம்ப்ரேக்கள் கொத்துக்கொத்தாக விழும். கேட்டால் தொட்டியோடு தருவார்கள். ஆனால் அவை முட்டையிடப் போகிறவை. சாப்பிடுவதை நிறுத்தி, குடல் சுருங்கி, இருக்கிற கொழுப்பை எரித்துக்கொண்டு மேலே ஏறுகிறவை. ரத்தம் குடிக்கிற பருவத்துச் சுரப்பிதான் எங்களுக்கு வேண்டும். அந்தப் பருவம் ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம்தான், அதுவும் ஏரியின் ஆழத்தில். வணிக மீனவர்களின் வலையில் டிரௌட்டோடு ஒட்டிக்கொண்டே மேலே வருகிறவைதான் கதி. மீனவர்களோடு நல்ல உறவு வைத்திருப்பது புரத வேதியியலின் ஒரு பகுதி என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

மீனை மயக்கமருந்துத் தண்ணீரில் விட்டு, அசைவு முழுக்க அடங்கியபின் அறுக்க வேண்டும். தோலை விலக்கி, தசையை நார் நாராகப் பிரித்தால் சுரப்பியின் பை தெரியும். இன்சுலின் ஊசியால் உறிஞ்சினால் சில துளிகள். அவை தெளிவாக இருந்தால் நல்லது. லேசாக ரோஜா நிறம் தட்டினாலும் ரத்தம் கலந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைத் தாளின் மேல் குழாயைப் பிடித்துப் பார்ப்போம். சந்தேகம் என்றால் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். பிறகு புரதங்கள் ஒன்றையொன்று தின்றுவிடாமலிருக்கத் தடுப்பான் சேர்த்து, சுழற்றி, மைனஸ் 80 டிகிரியில் போட வேண்டியதுதான்.

இந்த எச்சில் ரத்தம் உறைவதைத் தடுக்கிறது என்று சைமன் கேஜும் மேரி கேஜ்-டேயும் 1927-லேயே எழுதிவிட்டார்கள். 1954-இல் லென்னன் அதற்கு லாம்ஃப்ரெடின் என்று பெயர் வைத்தார். உறைவதைத் தடுப்பது, சிவப்பணுக்களை உடைப்பது, தசையைக் கரைப்பது எல்லாம் அந்த ஒரே பெயருக்குள் அடக்கம். பெயர் ஒன்று, சரக்கு பல. ஆர்க்டிக் லாம்ப்ரேயின் எச்சிலைப் பிரித்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் இரண்டு பெரிய ஆட்களைக் காட்டினார்கள்: ஒன்று சுமார் 160 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அளவு), இன்னொன்று சுமார் 26. சின்னது கிரிஸ்ப் என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் கிளைகள் பாம்பு விஷத்தில் உண்டு, பாலூட்டி ஆண்களின் இனப்பெருக்கப் பாதையிலும் உண்டு. லாம்ப்ரேயில் அது ரத்தக்குழாயைத் தளர்த்தி ஓட்டத்தைக் கூட்டுகிறது என்பது அவர்கள் கருத்து. காயம் உறையாமல் இருந்தால் மட்டும் போதாது, ரத்தம் அந்தப் பக்கம் வந்துகொண்டும் இருக்க வேண்டுமே.

எங்களைப் பாடாய்ப்படுத்தியது பெரியது. அமினோ அமில வரிசையைப் பார்த்தால் அது ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் சீரம் ஆல்புமின் என்ற புரதத்தின் உறவு. ஆல்புமின் என்றாலே எங்கள் தொழிலில் முதலில் வருவது சந்தேகம்; ரத்தம் ஒரு சொட்டு பட்டாலும், புரதங்களை எடைவாரியாகப் பட்டை பட்டையாகப் பிரிக்கும் ஜெல்லில் (பெரியவை மேலே, சின்னவை கீழே) வந்து உட்கார்ந்துவிடும். அப்படியானால் மேலே தெரியும் அந்த அடர்நீலப் பட்டை யாருடையது? இரையான டிரௌட்டுடையதா, அறுக்கும்போது கசிந்த லாம்ப்ரேயின் சொந்த ரத்தமா, சுரப்பியே சமைத்ததா? குழு கூட்டங்களில் இதை வைத்துத்தான் சண்டை. எங்கள் பேராசிரியருக்குச் சுரப்பி என்றே தோன்றியது. எனக்கு ரோஜா நிறம் மறக்கவில்லை.

டிரௌட்டை விலக்குவது எளிது. அதன் ஆல்புமின் 65 கிலோடால்டனுக்குப் பக்கத்தில், ஜெல்லின் நடுவில் நிற்கும். லாம்ப்ரேயின் சீரம் ஆல்புமின் விசித்திரமானது: நம் ஆல்புமினில் மூன்று பகுதிகள் என்றால் அதில் ஏழு. அதனால் ஜெல்லில் வெகு உயரத்தில் நின்றுவிடும். பட்டையை வெட்டி டிரிப்சின் என்ற நொதியால் துண்டாக்கி, துண்டுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட்டால், எந்த மீனின் துண்டு என்று வரிசையே சொல்லிவிடும். ஆனால் லாம்ப்ரேயின் ரத்தமா, லாம்ப்ரேயின் சுரப்பியா என்று அதனால் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே மீன். அங்கே சுரப்பியின் எம்ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்யச் செல்கள் எழுதிக்கொள்ளும் நகலைப் பார்க்க வேண்டும்; சமையல் நடந்திருந்தால் குறிப்பு அங்கேதான் இருக்கும். சீனாவின் டாலியானில் லியாவ்னிங் நார்மல் பல்கலைக்கழகத்தார் ஆர்க்டிக் லாம்ப்ரேயில் அந்த வழியில்தான் போனார்கள். தெளிந்த குழாய், கலங்கிய குழாய், மீனின் ரத்தம் மூன்றையும் ஒரே ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டாமல் நாங்கள் எதையும் பேசுவதில்லை என்று பிற்பாடு ஒரு வழக்கமே வந்தது. அந்தப் பெரிய புரதமே ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை வெட்டுகிறது என்ற கருத்தும் உண்டு. எனக்கு அதில் இன்னும் அரை மனம்தான். ஆல்புமின் எதையும் சுமக்கும் சாதி. முதுகில் புரதத்தை வெட்டும் ஒரு சின்ன புரோட்டியேஸ் நொதி ஏறி வந்திருந்தால் வெட்டியவன் யார் என்று எப்படிச் சொல்வது?

டாலியான் குழு இதே எச்சிலில் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஒரு சிறு புரதத்தையும் கண்டிருக்கிறது. இப்படி ஒன்று வந்தால் உடனே "ரத்தம் குடிக்கும் மீனிலிருந்து மாரடைப்புக்கு மருந்து" என்று யாராவது தலைப்புப் போடுவார்கள். அட்டையின் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடின் உண்மையிலேயே மருந்துக்கடை வரைக்கும் போனது. சித்த மருத்துவத்திலும் அட்டை விடுதல் பழைய சிகிச்சைதான். ஆனால் ரத்தம் குடிக்கும் வவ்வாலின் எச்சிலிலிருந்து வந்த டெஸ்மோடெப்ளேஸ் பக்கவாதத்துக்கான பெரிய சோதனைகளில் எதிர்பார்த்ததைத் தரவில்லை. எலியில் வேலை செய்வதற்கும் வார்டில் வேலை செய்வதற்கும் நடுவில் பெரும்பாலான எச்சில்கள் காணாமல் போய்விடுகின்றன. நிதி விண்ணப்பத்தில் நானும் "மருத்துவப் பயன்" என்று ஒரு பத்தி எழுதியவன்தான், எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஊரிலிருந்து அத்தை போனில் கேட்டது வேறு: "ஏன்டா, அந்த மீனைக் குழம்பு வைக்கலாமா?" போர்ச்சுகலில் அதன் ரத்தத்திலேயே சோறு சமைத்து விருந்தாகச் சாப்பிடுகிறார்கள், ஆனால் இந்த ஏரி லாம்ப்ரேயில் பாதரசம் அதிகம், வேண்டாம் என்றேன். "அப்ப எதுக்குடா அதைக் கட்டி அழறே?" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

கடைசிக் காலத்தில் புதிதாக வந்த மாணவிக்கு வேலை சொல்லிக்கொடுத்தேன். குழாயின் மேல் தேதி மட்டும் போதாது. பிடித்த இடம், பருவம், எந்த மீனில் ஒட்டியிருந்தது, திரவத்தின் நிறம், அறுத்தவர் பெயர் எல்லாம் வேண்டும் என்றேன். அவ்வளவையும் எழுத அந்தச் சின்னக் குழாயில் இடமில்லை என்றாள். வாஸ்தவம்தான். இப்போது எண் மட்டும் எழுதி, மற்றதை நோட்டில் வைக்கிறார்கள். நிறத்துக்கு மட்டும் மூடியில் ஒரு புள்ளி: பச்சை அல்லது சிவப்பு.