சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தத்தைப் பாருங்க

காய்ச்சலோடு தையல் மெஷினில் உட்காருவதற்குக் காரணம், லீவு போட்டால் கூலி போய்விடும் என்ற பயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) உண்டு. உங்களிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய் விடுப்புக்கு 70 சதவீதக் கூலி கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சான்று வாங்கிக்கோங்க.

பாதிச் சம்பளத்தைக் கணக்கில் காட்டாமல் கையில் கொடுத்தால் பலனும் பாதிதான். வேலைக்கு வந்த நாளைக் குறைத்து எழுதி 78 எட்டாமல் போனாலோ, நோய் விடுப்புக் கூலி ஒன்றுமே கிடைக்காது! இது அப்பட்டமான அநியாயம். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தால், படித்த பிள்ளைகளிடம் காட்டி நாள் கணக்கை மட்டுமாவது சரிபாருங்க.